பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் சிநேகிதியின் மூன்று கிழமை உழைப்பை நான் என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். வேண்டுமென்று செய்ததல்ல. அப்படியொன்று நடந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கட்டளையை அதன் கடைசி வரியை வாசிக்காமல் தட்டியதன் விளைவு அது.

இந்தக் கல்லூரியில் படித்து வெளியேறி, மென்பொருள் துறையில் டிப்ளோமா படிக்கச் சென்ற பழைய மாணவி நான். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்திருக்கும் தங்கைமாருக்கும், வீட்டில் ஒரே கணினியைப் பல பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அந்தக் கதையையும் அதிலிருந்து கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில், ‘அமைப்பு’ என்றால் என்ன? கைத்தொலைபேசியில் பற்சக்கரப் படத்தைத் தொட்டால் வருவது உங்களுக்குத் தெரியும். மொழி தமிழா ஆங்கிலமா, எழுத்து பெரிதா சிறிதா, மணி அடிக்கட்டுமா அதிரட்டுமா என்றெல்லாம் அங்கே தெரிவு செய்கிறோம். செயலி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. ஒரு செயலியை எழுதியவர், “இதை நான் முடிவு செய்யவில்லை, பாவிப்பவர் முடிவு செய்யட்டும்” என்று விட்டுவைத்த இடங்களே அமைப்புகள்.

பெரும்பாலான அமைப்புகள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கிடக்கின்றன. அவற்றை மாற்ற மூன்று வழிகள் உண்டு. திரையில் பொத்தான்களைத் தொட்டு மாற்றலாம். கோப்பைத் திறந்து கையால் திருத்தலாம். அல்லது கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி மாற்றலாம். மூன்றாவது வழியைப் பார்த்துத்தான் மாணவிகள் பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். ஆனால் பொத்தான்களுக்கு இல்லாத ஒரு வசதி கட்டளைக்கு உண்டு. அதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். நாளை அதே கட்டளையை இன்னொரு கணினியிலும் தட்டலாம். பிழைத்தால் எதைத் தட்டினோம் என்று திரும்பிப் பார்க்கலாம். “எங்கேயோ எதையோ அமத்தினேன், எல்லாம் மாறிவிட்டது” என்ற பேச்சுக்கு இடமில்லை. கையால் கோப்பைத் திருத்தும்போது ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலே செயலி இயங்காமல் நின்றுவிடக்கூடும். கட்டளைக் கருவியோ கோப்பின் ஒழுங்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இப்போது கதைக்கு வருகிறேன். என் மடிக்கணினி பழுதாகியிருந்தது. ஒப்படை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் சிநேகிதி தன் மடிக்கணினியைத் தந்தாள். அதை மட்டக்குளியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாட்கள் வேலை செய்தேன்.

எங்கள் வகுப்பில் ‘கிட்’ என்ற கருவியைப் பாவித்தோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதுவோரின் வேலையை ஒழுங்குபடுத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. நீங்கள் எழுதும் நிரலில் இன்று என்ன மாற்றம், யார் செய்தது, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு படியையும் அது பதிந்து வைக்கும். வங்கிக் கணக்குப் புத்தகம் போல. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும்.

அவளுடைய கணினியில் கிட் அதுவரை பாவிக்கப்பட்டிருக்கவில்லை. முதல் பதிவைச் செய்யப் போனபோது, “நீங்கள் யாரென்று தயவுசெய்து சொல்லுங்கள்” என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. கீழே இரண்டு மாதிரிக் கட்டளைகளையும் அதுவே காட்டியது. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன். ஒன்று, ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்’ என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் பெயர். மற்றது அதேபோல் ‘யூசர்.ஈமெயில்’ என்று எழுதி முகவரி. நான் இரண்டையும் அப்படியே பிரதி செய்து என் பெயரையும் முகவரியையும் போட்டேன். வேலை நடந்தது. ஒப்படையைக் கொடுத்துவிட்டு, என் கோப்புகளை அழித்து, கணினியைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

அந்தச் செய்தியின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் பெயர் வைப்பதானால் ‘குளோபல்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்பது அதன் கருத்து. அதை நான் வாசிக்கவில்லை.

பின்னர் அவள் தன் தனிநபர் செயற்றிட்டத்தை அதே கணினியில் தொடங்கினாள். ஒரு நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று பதியும் சிறு செயலி. கிட் அவளிடம் பெயர் கேட்கவில்லை. அதற்கு ஏற்கனவே ஒரு பதில் தெரியுமே! மூன்று கிழமையும் அவள் செய்த ஒவ்வொரு பதிவிலும் என் பெயர் விழுந்துகொண்டிருந்தது. அவள் பதிவுகளை எப்போதும் சுருக்கப் பட்டியலாகவே பார்ப்பாள். அந்தப் பட்டியலில் பெயர் தெரியாது. சமர்ப்பித்த பிறகு ஆசிரியை முழுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது யாருடைய வேலை?”

என் சிநேகிதியின் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ செய்துவிட்டேன் என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் ஒரு கணம் இருந்தது. ஒருவரின் பொருளை இரவலாக வாங்கினால் வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அமானிதம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். திருப்பிக் கொடுத்த பொருளுக்குள் என் பெயரை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஏன் அப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டுத் தேநீரைப் பாருங்கள். கடையில் பிளேன்டீ கேட்டால் இரண்டு கரண்டி சீனி போடுவார்கள். அது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் உம்மா ஒரு கரண்டிதான் போடுவார். அது வீட்டு வழக்கம். வாப்பாவுக்கு நீரிழிவு இருப்பதால் அவர் கோப்பைக்கு மட்டும் சீனியே இல்லை. ஒரு கோப்பைக்கு எவ்வளவு சீனி என்று முடிவு செய்யும்போது மிகக் கிட்ட இருக்கும் விதிதான் வெல்லும். கோப்பைக்கென்று தனி விதி இருந்தால் அது; இல்லாவிட்டால் வீட்டு விதி; அதுவும் இல்லாவிட்டால் ஊர் விதி.

கிட்டின் அமைப்புகளும் இப்படித்தான் மூன்று அடுக்குகளில் கிடக்கின்றன. ‘சிஸ்டம்’ என்பது அந்தக் கணினியைப் பாவிக்கும் எல்லோருக்கும். ‘குளோபல்’ என்பது அந்தக் கணினியில் ஒரு பாவனையாளர் கணக்குக்கு. அந்தக் கணக்கிலிருந்து செய்யப்படும் எல்லா வேலைகளுக்கும் அது செல்லும். ‘லோக்கல்’ என்பது ஒரே ஒரு செயற்றிட்டத்துக்கு. மூன்றும் வெவ்வேறு கோப்புகள். லோக்கலில் பெயர் இருந்தால் அது வெல்லும். இல்லாவிட்டால் குளோபலுக்குப் போகும். அங்கும் இல்லாவிட்டால் சிஸ்டத்துக்கு.

நான் வாப்பாவின் கோப்பைக்கு மட்டும் சொல்ல வேண்டிய விதியை முழு வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். என் கோப்புகளை அழித்தபோது என் செயற்றிட்டத்தின் லோக்கல் அமைப்பும் சேர்ந்தே அழிந்தது. குளோபல் கோப்பு வேறிடத்தில் இருந்ததால் அது அப்படியே தங்கிவிட்டது.

ஆசிரியை முன்னாலேயே அந்தக் கணினியைத் திறந்தோம். அவர் சொல்லித்தந்த கட்டளை இது: ‘கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஒரிஜின்’. எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது, அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று இது வரி வரியாகக் காட்டும். என் பெயர் இருந்த வரிக்கு முன்னால் அவளுடைய கணக்கின் குளோபல் கோப்பின் பெயர் தெரிந்தது. “பெயர் என்ன என்று எல்லோரும் பார்ப்பார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பழகுங்கள்” என்றார் ஆசிரியை. பின்னர் அவள் எழுதிய நிரலில் பல இடங்களைக் காட்டி, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றையும் விளக்கினாள். எனக்கோ அவற்றில் பாதி விளங்கவில்லை. யாருடைய வேலை என்பது அதிலேயே தெளிவாகிவிட்டது.

இனித் திருத்த வேண்டும். இங்கே இரண்டு விடயங்கள் இருக்கின்றன; அவற்றைக் குழப்பக் கூடாது.

ஒன்று, இனி வரப்போகும் பதிவுகள். இதற்கு ‘கிட் கான்ஃபிக் --குளோபல் --அன்செட் யூசர்.நேம்’ என்று தட்டி என் பெயரை நீக்கினோம், முகவரிக்கும் அப்படியே. பின்னர் குளோபல் என்ற சொல் இல்லாமல் அவளுடைய பெயரை அவளுடைய செயற்றிட்டத்துக்குள் எழுதினோம். கூடவே ‘யூசர்.யூஸ்-கான்ஃபிக்-ஒன்லி’ என்ற அமைப்பைக் குளோபலில் ‘ட்ரூ’ என்று வைத்தோம். இணைகோடுகள் நீங்கள் வாசிப்பதற்காக நான் போட்டவை. தட்டும்போது அது ஒரே சொல். பெயர் எழுதப்படாவிட்டால் கிட் தானாக ஊகிக்கக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும் என்பது இதன் பொருள். பலர் பாவிக்கும் கணினிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. இந்தக் கட்டளைகள் பழைய பதிப்புகளிலும் வேலை செய்யும். 2024 இல் வந்த 2.46 ஆம் பதிப்பிலிருந்து ‘கிட் கான்ஃபிக் லிஸ்ட்’, ‘கெட்’, ‘செட்’, ‘அன்செட்’ என்று இன்னும் இலகுவான வடிவங்களும் வந்துவிட்டன.

மற்றது, ஏற்கனவே விழுந்துவிட்ட பதிவுகள். அமைப்பை இன்று மாற்றினால் நேற்றைய பதிவு மாறாது. பதியும் கணத்தில் எந்தப் பெயர் இருந்ததோ அது அந்தப் பதிவோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் கிட் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் எழுதியவரின் பெயரும் முந்திய பதிவின் எண்ணும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே பழைய பெயர் ஒன்றைத் திருத்தினால் அதன் எண் மாறும். அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றின் எண்களும் மாறும். சமர்ப்பித்த ஒன்றை அப்படி மாற்றுவது நல்லதல்ல. இதற்கு ‘மெயில்மேப்’ என்ற சிறு கோப்பு இருக்கிறது. “இந்த முகவரியில் வந்த பதிவுகள் உண்மையில் இன்னாருடையவை” என்று அதில் ஒரு வரி எழுதினால், பட்டியலைக் காட்டும்போது கிட் சரியான பெயரைக் காட்டும். பழைய பதிவு அழியாது; திருத்தமும் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அதைத்தான் செய்தோம். அவளுடைய புள்ளிகள் அவளுக்கே கிடைத்தன.

பெயரைப் போல நேரமும் ஓர் அமைப்புத்தான். அவளுடைய நூலகச் செயலியில் அடுத்த சிக்கல் அங்கேயே வந்தது. புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் கடந்துவிட்டதா என்று செயலி பார்க்க வேண்டும். செயலி உலகப் பொது நேரத்தில் இயங்கினால் அதன் நாள் நமக்கு விடிகாலை 5.30க்குத்தான் மாறும். அப்படியானால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட வேண்டியதுதானே என்று நான் சொன்னேன். அன்று இரவு உம்மாவிடம் இதைப் பற்றிக் கதைத்தபோது அவர் சிரித்தார். “நம்மட நாட்டில எப்பவும் அஞ்சரை இருக்கல்லயே மகள்” என்றார்.

அது உண்மை. 1996 மே 25 ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தன. கிட்டத்தட்ட பத்து வருடங்கள் நாங்கள் உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தோம். 2006 ஏப்ரல் 15 இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பினோம். சூரியன் மாறவில்லை, ஆனால் ளுஹருடைய நேரம் கடிகாரத்தில் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போய்ப் பிறகு பாதி திரும்பி வந்தது. “பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒரு கலியாண வீட்டுக்கும் போவோம்” என்றார் உம்மா.

நிரலுக்குள் ‘ஐந்தரை’ என்று எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் நிரலையே திருத்த வேண்டும். அமைப்பில் ‘ஏசியா/கொலம்போ’ என்று ஊரின் பெயரை எழுதி வைத்தவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உலகம் முழுவதும் கணினிகள் பாவிக்கும் நேர வலய அட்டவணையில் நான் மேலே சொன்ன மூன்று திகதிகளும் அந்தப் பெயருக்குக் கீழே இருக்கின்றன. அட்டவணை புதுப்பிக்கப்பட்டால் போதும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இதற்கும் ஒரு வரிதான்: ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொலம்போ’. மாறக்கூடியதை நிரலுக்கு வெளியே வை என்ற பாடத்தை எங்கள் நாட்டின் கடிகாரமே கற்பித்திருக்கிறது.

ஆகவே அவள் தன் செயலியில் மாறக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்புக்கு எடுத்தாள். புத்தகத்தை எத்தனை நாட்கள் வைத்திருக்கலாம், பிந்தினால் நாளொன்றுக்கு எத்தனை ரூபா, எந்த நேர வலயம். அந்தக் கோப்பை மாற்றுவதற்கும் கிட்டின் அதே கட்டளை போதும் என்பது எங்களுக்கு அதிசயமாக இருந்தது. ‘கிட் கான்ஃபிக் --ஃபைல்’ என்று எழுதி, கோப்பின் பெயரையும் அமைப்பின் பெயரையும் அதன் பெறுமதியையும் கொடுத்தால் எழுதிவிடும். பெறுமதி இல்லாமல் கேட்டால் இருப்பதைச் சொல்லும். ‘--டைப்=இன்ட்’ என்று சேர்த்தால் எண் இல்லாத எதையும் ஏற்க மறுக்கும்; நாட்களின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ‘நாளைக்கு’ என்று யாரும் எழுதிவிட முடியாது.

இந்தப் பழக்கம் எங்கள் ஊரிலேயே ஒரு நிரல்மொழிக்குள் போயிருக்கிறது. 2005 இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் ‘பாலெரினா’ என்ற மொழியை உருவாக்கி, 2019 இல் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. வெளியிலிருந்து தரப்பட வேண்டிய பெறுமதிகளுக்கு அந்த மொழியில் ‘கன்ஃபிகரபிள்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. அதற்கு எதிரே பெறுமதிக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்தால், பாவிப்பவர் அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் நிரல் இயங்காது. ஊகிக்காதே, கேள் என்பதுதான் இங்கும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கடவுச்சொற்களைச் செயற்றிட்டத்தோடு பகிரப்படும் அமைப்புக் கோப்பில் வைக்காதீர்கள். கிட்டில் ஒரு தடவை பதிந்துவிட்டால், நாளை அந்த வரியை அழித்தாலும் நேற்றைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். ‘கிட்-இக்னோர்’ என்ற கோப்பில் பெயர் எழுதி அப்படியான கோப்புகளை முன்கூட்டியே விலக்கி வையுங்கள். கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகளும் வழக்கமாகக் கணினியின் நினைவுப் பட்டியலில் சேர்ந்துவிடும் என்பதால், அங்கேயும் கடவுச்சொல்லை வெளிப்படையாகத் தட்ட வேண்டாம். வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் அழிப்பதோடு நின்றுவிடாமல் கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு கணினியை மூன்று பிள்ளைகள் பாவிப்பதாக இருந்தால், மூவருக்கும் தனித்தனிப் பாவனையாளர் கணக்குகளைத் திறந்து கொடுங்கள். குளோபல் அமைப்பு ஒரு கணக்கோடு நின்றுவிடும். ஒருவரின் பெயர் மற்றவரின் வேலையில் விழாது. செலவில்லாத காரியம் இது.

தங்கைமாரே, அடுத்த முறை ஒரு கட்டளையைப் பிரதி செய்து ஒட்டுவதற்கு முன்னர் இது எந்த அடுக்கில் எழுதப்போகிறது, எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தேவையான மிகச் சிறிய இடத்தில் மட்டும் எழுதுங்கள். இரவல் கணினியைத் திருப்பிக் கொடுக்க முன்னர் அந்த ‘ஷோ-ஒரிஜின்’ கட்டளையை ஒரு தடவை தட்டி, உங்கள் பெயர் எங்காவது தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த மெயில்மேப் கோப்பில் அவள் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதவில்லை. கிட் தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் என்று தெரிந்ததும் தமிழிலேயே எழுதினாள். பிறகு முழுப் பட்டியலைத் திறந்தோம். மூன்று கிழமையின் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அவளுடைய பெயர் தமிழில் வரிசையாக வந்தது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, “இனியும் வேணுமென்றால் எடுத்துக்கொண்டு போ” என்றாள்.